பீங்கான் ஏறாத மாடி

“என்ன சம்பந்தி இது, மண்ணா?”

“பீங்கான் சம்பந்தி. உள்ள எலுமிச்சை ஊறுகாய். பொண்ணுக்குப் பிடிக்கும்னு நானே போட்டது.”

“அது சரி. பாத்திரக்கடைக்காரன் வீட்டுக்குள்ள மண் ஜாடி ஏறினா பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கீழ நானூறு சம்படம் அடுக்கி வச்சிருக்கேன். ஒண்ணை எடுத்து இதைக் கொட்டிட்டா ஆச்சு.”

“வேணாம் சம்பந்தி. உப்பும் புளிப்பும் சேர்ந்தா அலுமினியத்தை அரிச்சிடும்.”

“எதை? என் சரக்கையா?”

“யார் சரக்கா இருந்தாலும் அரிக்குங்க. எலுமிச்சம்பழத்துக்குக் கடை பேரு படிக்கத் தெரியாது.”

அப்பாவும் என் மாமனாரும் நேருக்கு நேர் நின்று பேசிய முதல் பேச்சு இது. எனக்குக் கல்யாணமாகி இருபத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மாடிப்படியின் கடைசிப் படியில் ஜாடியை மார்போடு அணைத்தபடி அப்பா. கதவுக்குக் குறுக்கே கை நீட்டியபடி மாமா. யார் பக்கம் போய் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நான். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது.

கடைசியில் மாமாதான் ஜெயித்தார். அவர் வீடு, அவர் மாடி. புத்தம் புதிய அலுமினியச் சம்படம் ஒன்று மேலே வந்தது. அப்பாவின் கண் முன்னாலேயே ஊறுகாய் அதில் கொட்டப்பட்டது. காலி ஜாடியைக் கழுவித் துடைத்து, பையில் போட்டுக்கொண்டு, “வரேம்மா” என்று அப்பா படியிறங்கினார்.

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டின் வளர்ப்பே அப்படி. கீழே கடை, மேலே வீடு. குடிக்கிற டம்ளர், குளிக்கிற சொம்பு, ஊசி நூல் வைக்கிற டப்பா, குப்பைக்கூடை வரைக்கும் எல்லாமே கடைச் சரக்கு. கண்ணாடி என்று அந்த மாடியில் இருந்தவை இரண்டே இரண்டு: முகம் பார்ப்பது ஒன்று, மாமாவின் மூக்கில் இருப்பது ஒன்று. அத்தை இருந்த காலத்தில் யாரோ ஆறு பீங்கான் கோப்பை பரிசாகக் கொடுத்தார்களாம். மாமா அவற்றைத் திருப்பியே அனுப்பிவிட்டாராம்.

எனக்கு அந்த வீடு பிடித்துத்தான் இருந்தது. காலையில் கடையைத் திறக்கும் சத்தம், குடத்துக்குள் குடம் இறங்கும் சத்தம், எவர்சில்வர் தட்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பிரிக்கும் சத்தம் எல்லாம் தரை வழியாக ஏறி என் அடுப்படிக்கு வந்துவிடும். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மெஷினில் உட்கார்ந்திருப்பது என் வீட்டுக்காரர். வண்டு ரீங்கரிப்பது போல அது விட்டுவிட்டுக் கேட்கும். அந்தச் சத்தம் நின்றால், இதோ மேலே வரப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். என் டம்ளரில் அவர் என் பேரை வெட்டவில்லை. சிட்டுக்குருவி ஒன்று வெட்டிக் கொடுத்தார். “இது குருவியா, கோழியா?” என்று கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஊறுகாய் பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. மஞ்சளும் சிவப்புமாக வந்தது சாம்பல் நிறமாகிவிட்டது. நாக்கில் வைத்தால் சாவியைச் சப்பினது போல ஒரு ருசி. காலி செய்துவிட்டுச் சம்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் ஊசியால் குத்தியது போலப் புள்ளி புள்ளியாய்ப் பள்ளம். ஒன்றிரண்டு இடத்தில் வானமே தெரிந்தது.

“பழம் சரியில்ல” என்றார் மாமா.

“சம்படத்துல ஓட்டை விழுந்திருக்கு மாமா.”

“பழம் சரியில்லாததாலதான் ஓட்டை விழுந்திருக்கு.”



என் அப்பா பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளராக இருந்தவர். புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, பிள்ளைகள் உடைத்ததைப் பொறுக்குவது, எந்தத் திரவத்தை எதில் ஊற்றலாம், எதில் ஊற்றவே கூடாது என்று பார்த்துக்கொள்வது. இதுதான் வேலை. அம்மா போன பிறகு சமையலையும் அதே ஒழுங்கில் செய்தார். எங்கள் வீட்டில் உப்பு ஜாடிக்குக்கூடச் சீட்டு உண்டு. ஊறுகாய் ஜாடியில் போட்ட தேதியும், திறக்க வேண்டிய தேதியும் இருக்கும். தப்பாக ஒன்றைப் பார்த்துவிட்டால் சொல்லாமல் இருக்கத் தெரியாது அவருக்கு. அதுதான் அடுத்த வருஷம் வினையாகப் போயிற்று.

மறு வருஷம் ஜாடியோடு வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

“போன தடவை போட்டது எப்படிம்மா இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுப்பா” என்றேன்.

“உள்ளதைச் சொல்லும்மா” என்றார் மாமா. “கசந்துச்சு சம்பந்தி. பழம் பார்த்து வாங்கணும்.”

அப்பாவின் காது சிவந்துவிட்டது. அவரைப் பழம் வாங்கத் தெரியாதவர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. ஜாடியை என்னிடம் கொடுத்துவிட்டு, மாமாவோடு கடைக்கு இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

அன்று பாத்திரம் துலக்கும் நாள். வாரத்தில் ஒரு நாள் செம்பும் பித்தளையும் வரிசையாகக் கீழே இறங்கும். எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, உப்பில் தொட்டு, என் வீட்டுக்காரரும் மாமாவும் உட்கார்ந்து தேய்ப்பார்கள். கறுத்த குடம் நிமிஷத்தில் புதுப்பெண் மாதிரி மின்னும். வாடிக்கையாளர்கள் நின்று பார்ப்பார்கள். மாமாவுக்கு அது ஒரு நாடகம்.

“பாருங்க சம்பந்தி” என்றார், ஒரு செம்புக் குடத்தை உயர்த்திப் பிடித்து. “நாப்பது வருஷமா எலுமிச்சையாலதான் தேய்க்கிறோம். அரிச்சிருந்தா இந்தக் கடையே இருக்காது. எலுமிச்சைக்கும் செம்புக்கும் அப்படியொரு சிநேகம்!”

அப்பா குடத்தைப் பார்க்கவில்லை. தேய்த்துப் போட்ட எலுமிச்சை மூடியைக் கையில் எடுத்தார்.

“குடம் மின்னுறது சரி. இந்தப் பழத்தைப் பார்த்தீங்களா? கறுத்து, பச்சை பாரிச்சுக் கிடக்கு. மேல இருந்த செம்பு கரைஞ்சு இதுல வந்துருச்சு. அதனாலதான் மின்னுது. தேய்ச்சுக் கழுவிட்டா ஒண்ணுமில்ல. தண்ணி ஊத்தி வைங்க, நல்லா இருக்கும். ஆனா புளிப்பானதை உள்ள ஊத்தி வச்சா, கரைஞ்சது வயித்துக்குத்தான் போகும். வாந்தி எடுக்க வச்சிடும்.”

ஆய்வுக்கூடத்தில் பேசிப் பழகிய குரல். கடைசி பெஞ்சு வரை கேட்கும். குடம் வாங்க வந்திருந்த ஒரு அம்மா, கையில் இருந்ததை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, “நாளைக்கு வரேன்” என்று போய்விட்டார். நாளைக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

மாமாவின் முகம் தொங்கிப்போனது. “என் வாசல்ல நின்னுக்கிட்டு என் சரக்கை விஷம்னு சொல்றீங்களா சம்பந்தி?”

“நான் விஷம்னு சொல்லல...”

“போதும்.”

அப்பா மேலே ஏறவே இல்லை. சாப்பாடு தயாராக இருந்தது. அப்பாவுக்குப் பிடித்த முளைக்கீரை கூட வாங்கி வைத்திருந்தேன். மதிய பஸ்ஸில் போய்விட்டார்.

அதன் பிறகு ஒன்பது வருஷம் அவர் அந்த மாடியை மிதிக்கவில்லை. போகவும் இல்லை, வரவும் இல்லை என்று ஒரேயடியாக முறித்துக்கொள்ளவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை, எலுமிச்சை மலிந்து இரண்டு மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். நாங்கள் போவோம், மகள் பிறந்த பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பேசுவோம். மகள் அவர் சட்டைப்பையில் இருக்கும் பேனாவை எடுத்து அவர் கையிலேயே கிறுக்குவாள். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிடுவார். நாலு மணி நேரப் பயணம், ஒரு மணி நேரப் பேச்சு, மறுபடி நாலு மணி நேரம்.

ஜாடியை மாடிக்குக் கொண்டுபோக முடியாது. என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கடையின் பின்கட்டில், மேல் பரணில், யாரும் வாங்காத ஒரு ராட்சத அண்டா கவிழாமல் உட்கார்ந்திருக்கும். ஜாடியைத் துணியில் சுற்றி அதற்குள் இறக்கிவிடுவார். தினமும் மதியம் ஏணி போட்டு ஏறி, இரண்டு கரண்டி ஊறுகாயைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்து வருவார். ஒரு வேளைக்கு எவர்சில்வர் ஒன்றும் செய்யாது, மாதக்கணக்கில் உப்போடு நின்றால்தான் அதிலும் புள்ளி விழும் என்று அப்பா அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

“கள்ளக்கடத்தல் பண்ற மாதிரி இருக்கு” என்பேன்.

“உங்கப்பா ஊறுகாய்க்கு ஜெயிலுக்கும் போகலாம்” என்பார்.

மாமா அதை விரும்பிச் சாப்பிட்டார். இந்த வருஷம் பழம் தேவலை என்பார். எங்கள் இருவருக்கும் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும்.

ஐந்தாவது வருஷம் என்று நினைக்கிறேன். கடைக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் காபி கொண்டுபோன சமயம், ஒருவர் அந்த அண்டாவில் கை வைத்தார். “அதைத் தொடாதே” என்று மாமா சட்டென்று எழுந்தார். “அது அங்கேயே இருக்கட்டும். சுத்தி அடிச்சுட்டு வா. ஆட்டாதே.”

அவர் திரும்பியபோது நான் நிற்பதைப் பார்த்தார். என்னிடமிருந்து டம்ளரை வாங்கினார். “சர்க்கரை கம்மி” என்றார். அவ்வளவுதான்.

இதை நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. பாவம், அவர் ஏணி ஏறுகிற சாகசத்தை ஏன் கெடுப்பது? ஆனால் அன்றைக்குத்தான் எனக்குள் ஒரு ஆசை விழுந்தது. ஜாடியைத் தெரிந்தே வைத்திருக்கிறவர், ஜாடி கொண்டு வருகிறவரையும் வைத்துக்கொள்ள மாட்டாரா? மாடியில் பின்பக்க அறை சும்மாதானே கிடக்கிறது. அப்பாவை இங்கேயே அழைத்து வைத்துக்கொள்ளலாமா என்று மாமாவிடம் கேட்க வேண்டும். இதை மட்டும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

கேட்க வேண்டும் என்று நினைத்து நாலு வருஷம் போயிற்று. ஒவ்வொரு முறையும் வாய் வரை வரும். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். எனக்கு வார்த்தை உள்ளே போய்விடும். நான் கேட்டு, அவர் முடியாது என்று சொல்லிவிட்டால், அந்தப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சும் போய்விடுமோ என்று பயம்.

ஒன்பதாவது வருஷம் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியைத் தவறவிட்டார். என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். ஜாடியை மட்டும் விடாமல் வைத்திருந்தார் அப்பா.

“கண்ணு தெரியலையாப்பா?”

“தெரியுது. படிதான் கொஞ்சம் தள்ளிப் போயிடுச்சு.”

ஜாடியில் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் திறக்க வேண்டிய தேதி போட்ட தேதிக்கு முந்தியதாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் சீட்டு ஒட்டிய கை.

வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரர், “நான் கேக்கட்டுமா எங்கப்பாகிட்ட?” என்றார்.

“நீங்க கேட்டா அது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சண்டையாப் போயிடும். எங்கப்பாவுக்காக நான்தான் கேக்கணும்.”

“எப்போ?”

“கேக்கறேன்.”

“நீ கேக்கறதுக்குள்ள நம்ம பொண்ணு கல்யாணமாகிப் போயிடுவா. அவளுக்கு எட்டு வயசு.”

அதற்கு அடுத்த மாதம் கடைக்கு ஐம்பதாவது வருஷம். கடை முகப்பில் இருக்கும் பெரிய செம்பு அண்டாவை வாசலில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எலுமிச்சைச் சாறு கொடுப்பது என்று மாமா முடிவு செய்தார். வேறு வீட்டில் யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. எலுமிச்சையும் செம்பும் சிநேகம் என்று வாரா வாரம் கண்ணால் பார்த்து வளர்ந்த வீட்டுக்குத்தான் தோன்றும். முதல் நாள் மாலையே இருநூறு பழத்தைப் பிழிந்து சர்க்கரை போட்டு அண்டாவில் ஊற்றி மூடி வைப்பது, காலையில் தண்ணீரும் ஐஸும் சேர்ப்பது என்று ஏற்பாடு.

“மாமா, காலையில பிழிஞ்சுக்கலாம் மாமா. இல்லன்னா ராத்திரிக்கு மட்டும் பிளாஸ்டிக் வாளியில வச்சிட்டு...”

“பாத்திரக்கடை விழாவுல பிளாஸ்டிக் வாளியா? வெளிய சொல்லிடாதே.”

“அப்பா சொன்னது...”

“உங்கப்பா சொன்னதை நான் மறக்கல” என்றார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

விடிந்ததும் குளித்துத் தயாராக இறங்கிவிட்டார் மாமா. கடை பத்து மணிக்கு. எட்டு மணிக்கு மூடியைத் திறந்து, தண்ணீர் கலந்து, முதல் டம்ளர் தனக்கென்று எடுத்தார். நான் படியில் நின்று, “மாமா” என்றேன். என்னைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். அது எனக்குக் காட்டக் குடித்தது.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினார்.

பக்கத்துத் தெரு டாக்டரம்மாவை என் வீட்டுக்காரர் கையோடு கூட்டி வந்தார். அதற்குள் மாமா நாலு முறை வாந்தி எடுத்துவிட்டார். 

“என்ன சாப்பிட்டீங்க?”

“எலுமிச்சைச் சாறு. அதுல ஒண்ணுமில்ல.”

“எதுல வச்சிருந்தீங்க?”

நான்தான், “செம்பு அண்டாவுல. நேத்து சாயங்காலத்திலேர்ந்து” என்றேன்.

“அண்டாவைக் குத்தம் சொல்லாதீங்க” என்று ஆரம்பித்தவர், முடிக்க முடியாமல் வாளிப் பக்கம் குனிந்தார்.

“அண்டா நல்ல அண்டாதான் பெரியவரே. அதுல பாதியை நீங்க குடிச்சிட்டீங்க” என்றார் டாக்டரம்மா. “வேற யாரும் குடிக்கலையே? உடனே கொட்டுங்க. இவருக்கு நல்லவேளை, உடம்பே வெளிய தள்ளிடுச்சு. கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுங்க. மறுபடியும் எடுத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க.”

நானும் என் வீட்டுக்காரரும் அண்டாவைச் சாய்த்தோம். சாக்கடையில் ஓடிய சாற்றில் லேசாக ஒரு பச்சை. காலியான அண்டாவின் உட்புறம் சாறு நின்ற மட்டம் வரைக்கும் தகதகவென்று மின்னியது. அத்தனை வருஷத்தில் யாரும் அதை அவ்வளவு அழகாகத் துலக்கியதில்லை. பத்து மணிக்கு வந்தவர்களுக்கு பிஸ்கட் கொடுத்தோம். ஏதோ ஒரு கணக்கில் விழா நடந்தது.

மதியம் மேலே போனேன். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண்ணாடி இல்லாத முகம் சின்னதாகத் தெரிந்தது. தண்ணீர் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் குடித்தார்.

“எத்தனை பேர் வந்தாங்க?”

“நூறு பேருக்கு மேல இருக்கும் மாமா.”

“நூறு பேர்” என்றார். “அத்தனை பேரும் குடிச்சிருந்தா?”

போர்வையை இழுத்து அவர் காலில் போட்டேன்.

“உங்கப்பா அன்னிக்குச் சொன்ன விதம் தப்பும்மா. அத்தனை பேர் முன்னாடி வச்சு. இன்னிக்கும் அதைத் தப்புன்னுதான் சொல்வேன்.” டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சொன்ன விஷயம் தப்பில்ல.”

கீழே பேர் வெட்டும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

“சம்பந்தி எப்படி இருக்காரு?”

ஒன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அன்றுதான்.

“கண்ணு சரியாத் தெரியல மாமா. தனியா சமைச்சுச் சாப்பிடறாரு. போன தடவை பஸ் படியில தடுக்கிட்டாரு.”

“ம்.” நீண்ட ‘ம்’. “அடுத்த தடவை வந்தா பஸ் ஸ்டாண்டுலேர்ந்தே அனுப்பி வச்சிடாதீங்க. மேல கூட்டிட்டு வாங்க. நான் ஒண்ணும் சொல்லல. வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

என் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் தீபாவளி வராத குறைதான். தலையை ஆட்டி, போதும், இன்றைக்கு இது போதும் என்று எனக்குச் சைகை காட்டினார். போதும்தான். ஒன்பது வருஷம் கழித்து ஒரு சாப்பாடு. அதைக் கெடுத்துக்கொள்ளாமல் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கலாம். மாமா டம்ளரை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தேன். அவர் வேட்டி நுனியைத் தேடினார். துடைக்கக் கண்ணாடி இல்லை.

“மாமா” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. “சாப்பிட்டுட்டுப் போக வேணாம் மாமா. எங்கப்பா இனிமே இங்கேயே இருக்கட்டும். நம்மகூட. அந்தப் பின்பக்க ரூம்ல.”